மோரிஸ் மைனர் 1000: மேடேறினால் நாக்கிங், பின்னுக்கு வைத்தால் சூடு. டைமிங்கில் எங்கே கோளாறு?

மைனர் பேரன் (பினாங்கு):

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1966 மோரிஸ் மைனர் 1000, நான்கு கதவு, 1098 சிசி இஞ்சின். தாத்தா கெடாவில் தோட்டத்துக் கிராணியாக (எழுத்தராக) இருந்த காலத்தில் வாங்கியது. ரொம்ப நாள் கொட்டகையில் கிடந்ததை எடுத்து, இஞ்சினை முழுசாகப் பிரித்துக் கட்டியாயிற்று. சிலிண்டர் போரிங், புது பிஸ்டன், டைமிங் செயின், வால்வு வேலை எல்லாம் ஒரு பட்டறையில் முடிந்தது. ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி ஸ்பார்க் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரையும் அங்கேயே பிரித்துச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். பார்க்கப் புதுசு போல மின்னுகிறது.

பிரச்சினை இதுதான். காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. சமதளத்தில் குறை சொல்ல முடியாது. பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலையில் பாலிக் பூலாவ் பக்கம் ஏறும்போது, மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் டப்பாவில் சில்லறையைப் போட்டுக் குலுக்குவது போல நாக்கிங் சத்தம். டைமிங்கை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளினால் சத்தம் நின்றுவிடும். ஆனால் அப்புறம் வண்டிக்கு இழுவையே இல்லை, நான் தனியாக மாட்டிய டெம்பரேச்சர் மீட்டரும் ஏறிக்கொண்டே போகிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கே வைத்தாலும் ஏதோ ஒன்று கெடுகிறது.

ஐட்லிங்கும் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது இஞ்சின் ஓடும் வேகம்) ஒரே இடத்தில் நிற்பதில்லை. நிமிடத்துக்கு 700 சுற்றுக்கும் 1,000 சுற்றுக்கும் நடுவில் அலைகிறது. சிக்னலில் காலை எடுத்தால் வேகம் இறங்கச் சற்று நேரமாகிறது. பிளக் இடைவெளி 0.025 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்டின் இடைவெளி 0.015. ரோன் 95 பெட்ரோல் ஊற்றுகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

செந்தூல்காரன் (கோலாலம்பூர்):

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, மேட்டில் சத்தம் நிற்கும் இடம் வரை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்குங்கள். ரோன் 97 ஊற்றுங்கள். முடிந்தது. நாங்கள் அந்தக் காலத்தில் காதால்தான் டைமிங் வைத்தோம்.

மைனர் பேரன்:

அண்ணே, மேலே சொன்னேனே, அப்படிச் செய்தால்தான் வண்டி சூடாகிறது. ரோன் 97-உம் ஊற்றிப் பார்த்தாயிற்று. சத்தம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

பழைய ஃபோர்மேன் (பட்டர்வொர்த்):

தம்பி, டிஸ்ட்ரிபியூட்டரில் இனிமேல் கை வைக்காதே. அதைத் திருப்பினால் ஐட்லிங்கிலிருந்து உச்ச வேகம் வரை மொத்த டைமிங்கும் ஒரே அளவு நகரும். உன் வண்டியில் ஒரு வேகத்தில் அதிகமாகவும் இன்னொரு வேகத்தில் குறைவாகவும் இருக்கிறது என்று நீ சொல்வதிலிருந்தே தெரிகிறது. அப்படியானால் தப்பு டைமிங் வைத்த இடத்தில் இல்லை, டைமிங் வளரும் விதத்தில் இருக்கிறது. வேகம் கூடக்கூட டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளும் ஸ்பிரிங்கும், அவற்றோடு கார்புரேட்டரின் வேக்குவமும் (காற்று உறிஞ்சல்) ஸ்பார்க்கைத் தாமே முன்னுக்குத் தள்ளும், அதுதான் அட்வான்ஸ். எத்தனை தடவை திருப்பினாலும் அது சரியாகாது.

இருந்தாலும் இப்போதே ஸ்பிரிங்கைக் கழற்று, வேக்குவத்தைக் கழற்று என்று சொல்ல மாட்டேன். முதலில் அளவுகோலே சரியா என்று பார்க்க வேண்டும். மைனரில் இருக்கும் இந்த ஏ-சீரிஸ் இஞ்சினில் பழைய பட்டறைகள் எதை எதிலிருந்து கழற்றி மாட்டியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. புல்லி ஒரு வண்டியுடையது, டைமிங் கவர் இன்னொரு வண்டியுடையது என்றால், நீ லைட் அடித்துப் பார்க்கும் குறியே பொய்.

நான்கு பிளக்கையும் கழற்று. ஒன்றாம் சிலிண்டரின் பிளக் ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப் மாட்டு. பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்துவிட்டு, முனை மழுங்கிய ஒரு போல்ட்டை அதில் பொருத்தினாலும் போதும். மைனரில்தான் முன்னால் விட்டுச் சுற்றும் கைப்பிடி இருக்கிறதே, அதை வைத்து மெதுவாகச் சுற்று. பிஸ்டன் முட்டி நிற்கும் இடத்தில் புல்லியில் ஒரு கோடு போடு. அப்புறம் எதிர்ப்பக்கமாகச் சுற்றி, முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிபாதிதான் உண்மையான உச்சிப்புள்ளி, பிஸ்டன் மிக மேலே இருக்கும் இடம். அந்த இடம் டைமிங் கவரின் நீண்ட முள்ளுக்கு நேராக வரும்போது புல்லியின் வெட்டும் அங்கே இருந்தால் அளவுகோல் சரி. மற்ற இரண்டு குட்டை முட்கள் 5 பாகையும் 10 பாகையும். இவை வண்டிக்கு அடியில் இருப்பதால் படுத்துத்தான் பார்க்க வேண்டும், சட்டை அழுக்காகும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். வெட்டில் வெள்ளைப் பெயிண்ட் ஒரு பொட்டு வைத்துக்கொள்.

அடுத்து, இஞ்சினை ஓட்டாமல் டெஸ்ட் லேம்பில் டைமிங் பார். லேம்பின் ஒரு முனை டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் மெல்லிய வயரில், மறுமுனை எர்த்தில். சாவியைப் போட்டுவிட்டுக் கைப்பிடியால் மெல்லச் சுற்று. லேம்ப் எரியும் கணம்தான் பாயிண்ட் திறக்கும் கணம். 1098-க்குக் கையேட்டில் உச்சிக்கு முன் 3 பாகை. அதில் வைத்துவிட்டு, இஞ்சினை ஓட்டி, ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் மின்னும் டைமிங் லைட்டைப் புல்லியில் அடித்துப் பார். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எனக்கு எழுது.

மின்சார அக்கா (கிள்ளான்):

டைமிங் லைட் அடிப்பதற்கு முன் வேக்குவம் குழாயைக் கழற்றி வாயை அடைத்துவிடுங்கள் தம்பி. அந்தக் குழாய் கார்புரேட்டரிலிருந்து வருகிறதா, மேனிஃபோல்டிலிருந்து வருகிறதா என்றும் பாருங்கள். எஸ்யூ கார்புரேட்டரில் அதற்கென்று சின்ன முனை இருக்கும், திராட்டில் மூடியிருக்கும்போது அங்கே வேக்குவம் ஏறக்குறைய வராது. யாராவது அதை மேனிஃபோல்டில் மாட்டியிருந்தால் ஐட்லிங்கிலேயே அட்வான்ஸ் ஏறிவிடும்.

பாயிண்ட் இடைவெளியைக் கேஜ் வைத்துப் பார்த்தால் மட்டும் போதாது. கொஞ்ச நாள் ஓடிய பாயிண்டில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் வந்துவிடும், தகட்டுக் கேஜ் அதைக் காட்டாது. டுவெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) காட்டும் மீட்டர் இருந்தால், மைனரில் இருக்கும் 25டி4 வகை டிஸ்ட்ரிபியூட்டருக்கு 60 பாகை, 3 முன்னே பின்னே. வேகத்தைக் கூட்டும்போது டுவெல் தள்ளாடினால் ஷாஃப்ட்டின் புஷ் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

இன்னொரு கேள்வி. வண்டி இன்னும் பாசிட்டிவ் எர்த்தா (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டி உடம்போடு சேர்ந்திருப்பது), இல்லை மாற்றிவிட்டீர்களா? மாற்றியிருந்தால் காயிலில் எஸ்டபிள்யூ, சிபி என்று குறித்த வயர்களையும் இடம் மாற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பார்க் பலவீனமாக வரும். மேட்டில் திணறுவதை டைமிங் கோளாறு என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

120ஒய் ரசிகன் (சிரம்பான்):

இவ்வளவும் எதற்கு? எலக்ட்ரானிக் மாட்யூல் ஒன்று வாங்கி உள்ளே மாட்டிவிடலாமே. என் டத்சனில் போட்டதிலிருந்து பாயிண்ட் பக்கமே போகவில்லை. மழையோ வெயிலோ, தொட்டால் ஸ்டார்ட்.

மின்சார அக்கா:

மாட்யூல் நல்ல பொருள்தான், நானும் போட்டிருக்கிறேன். ஆனால் அது பாயிண்டையும் கண்டென்சரையும் மட்டும்தான் மாற்றும். அதற்குக் கீழே இருக்கிற எடைகள், ஸ்பிரிங், வேக்குவம் டயஃப்ரம் எல்லாம் அதேதான். அட்வான்ஸ் தப்பாக வளர்ந்தால் மாட்யூலும் அதே தப்பைத் துல்லியமாகச் செய்யும். அதுவும் பாசிட்டிவ் எர்த் வண்டியில் நெகட்டிவ் எர்த் மாட்யூலை மாட்டினால் அதைப் புகையாகத்தான் பார்ப்பீர்கள்.

செந்தூல்காரன்:

கண்டென்சரை மாற்றிப் பார்த்தீர்களா? இப்போது வருகிற கண்டென்சர்களில் பாதி குப்பை. ரோட்டரும் அப்படித்தான். சூடானதும் உள்ளுக்குள்ளேயே ஷாஃப்ட்டுக்கு ஸ்பார்க் ஓடிவிடும், வண்டி நின்றுவிடும். ஆறினால் மறுபடியும் ஓடும்.

பழைய ஃபோர்மேன்:

நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அது வேறு நோய். கண்டென்சர் போனால் வண்டி இருமும், பாயிண்டில் பொறி பறக்கும். ரோட்டர் போனால் ஸ்பார்க்கே இருக்காது. இரண்டும் நாக்கிங் தராது. ஸ்பார்க் இல்லாத சிலிண்டர் எங்கே நாக் செய்வது? தம்பி அளவெடுத்து வரட்டும், அதுவரை எதையும் வாங்க வேண்டாம்.

மைனர் பேரன்:

அளவெடுத்தாயிற்று. பிஸ்டன் ஸ்டாப்பில் பார்த்தால் புல்லி வெட்டு உச்சிப்புள்ளிக்குச் சரியாக இருக்கிறது. டுவெல் 61, வேகம் கூட்டினாலும் பெரிதாக அசையவில்லை. வேக்குவம் குழாய் கார்புரேட்டரில்தான் இருக்கிறது. குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் உள்ளே தட்டு நகர்கிறது, நாக்கால் அடைத்தால் அப்படியே பிடித்து நிற்கிறது. வண்டி பாசிட்டிவ் எர்த்தேதான்.

டெஸ்ட் லேம்பில் 3 பாகையில் வைத்தேன். இஞ்சினை ஓட்டி, வேக்குவத்தை அடைத்துவிட்டு லைட் அடித்தால் 800-ல் 10 பாகை முள்ளைத் தாண்டி நிற்கிறது. வெட்டு ஒரு இடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் அலைகிறது, ஐட்லிங் வேகமும் கூடவே அலைகிறது. 10-க்கு மேல் முள் இல்லாததால் அதற்கப்புறம் எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை.

பழைய ஃபோர்மேன்:

நல்ல வேலை. நீ எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. லேம்பில் 3, ஓடும்போது 800-ல் பத்துக்கு மேல். அதாவது ஐட்லிங்கிலேயே எடைகள் விரியத் தொடங்கிவிட்டன. எடை விரிந்தால் அட்வான்ஸ் கூடும், அட்வான்ஸ் கூடினால் வேகம் கூடும், வேகம் கூடினால் எடை இன்னும் விரியும். அப்புறம் தளர்ந்து இறங்கும். உன் ஐட்லிங் அலைவது இதனால்தான். சிக்னலில் வேகம் இறங்கத் தாமதமாவதும் இதே காரணம். யாராவது உன்னைக் கார்புரேட்டரைத் திருகச் சொல்லியிருந்தால் காலத்துக்கும் திருகிக்கொண்டே இருந்திருப்பாய்.

இப்போது மேல் வேகத்தைப் பார்க்க வேண்டும். முள் இல்லையென்றால் நாமே குறி போட்டுக்கொள்ளலாம். புல்லியின் சுற்றளவை ஒரு நூலால் அளந்து 12-ஆல் வகு, அதுதான் 30 பாகை. சுற்றளவு 400 மில்லிமீட்டர் என்றால் 33 மில்லிமீட்டர் வரும். புல்லி சுற்றும் திசையிலேயே, வெட்டுக்கு முன்னால் அந்தத் தூரத்தில் ஒரு கோடு போடு. 20 பாகைக்கும் இதே கணக்கில் போட்டுக்கொள். லைட்டில் அந்தக் கோடு நீண்ட முள்ளுக்கு நேராக வந்தால் டைமிங் அத்தனை பாகை. ஒருவரை ஆக்சிலரேட்டரில் உட்காரவைத்து 1,000, 1,500, 2,000, 3,000 என்று ஏற்றச் சொல். விசிறிப் பக்கம் சட்டைக் கை, டைமிங் லைட் வயர் எதுவும் போகக் கூடாது. இதை மட்டும் இரண்டு தடவை சொல்வேன்: விசிறி ஜாக்கிரதை.

ஆமைவண்டி (ஈப்போ):

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என்னுடையது வோக்ஸ்வேகன். அதில் 009 டிஸ்ட்ரிபியூட்டர் போட்டவர்கள் எல்லாரும் ஐட்லிங்கில் டைமிங் வைப்பதை விட்டுவிட்டு, 3,000-க்கு மேல் ஏற்றி முழு அட்வான்ஸில்தான் வைப்பார்கள், 28 முதல் 32 பாகைக்குள். அதில் வேக்குவமே கிடையாது, எடை மட்டும்தான். இஞ்சின் உடைவது முழு அட்வான்ஸில்தானே, ஐட்லிங்கில் இல்லையே என்பது அவர்கள் கணக்கு. மைனருக்கும் அப்படிச் செய்தால் என்ன?

பழைய ஃபோர்மேன்:

செய்யலாம், கணக்கும் சரி. ஆனால் முழு அட்வான்ஸ் எந்த வேகத்தில் வந்து சேருகிறது என்பதுதான் இந்தத் தம்பியின் வண்டியில் கேள்வி. மொத்தம் சரியாக இருந்து, அது சீக்கிரமே வந்துவிட்டால் மேட்டில் அதேபோல்தான் சத்தம் வரும்.

மைனர் பேரன்:

இதோ அளவுகள், எல்லாம் வேக்குவம் அடைத்து எடுத்தவை. 1,000-ல் 16 பாகை. 1,500-ல் 25. 1,700-ல் ஏறக்குறைய 27. அதற்கப்புறம் 3,000 வரை ஏற்றினாலும் 27-ஐ விட்டு நகரவில்லை.

பழைய ஃபோர்மேன்:

அவ்வளவுதான், பிடித்தாயிற்று. 1,700-க்குள் எல்லா அட்வான்ஸும் முடிந்துவிடுகிறது. நீ துன் சார்டோனில் மூன்றாவது கியரில் திணறி ஏறுவது ஏறக்குறைய அந்த வேகத்தில்தான். பாரம் முழுசாக இருக்கிறது, திராட்டில் திறந்திருக்கிறது, சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நிறைய இருக்கின்றன. அங்கே 27 பாகை கொடுத்தால் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே அழுத்தம் உச்சத்துக்குப் போகும். நாக் செய்யாமல் என்ன செய்யும்? அதை நிறுத்த நீ எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளினால் உச்ச வேகத்தில் டைமிங் பத்தாமல் போகிறது. எரிவது தாமதமாகி, வெப்பம் பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதிலாக எக்ஸாஸ்ட் வழியாகவும் தண்ணீருக்குள்ளும் போகிறது. மீட்டர் ஏறாமல் என்ன செய்யும்?

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்று. கழற்றும் முன் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள், கீழே இருக்கும் கிளாம்ப் தகட்டின் போல்ட்டைத் தளர்த்தாமல் தகட்டோடு எடு. மேல் தட்டை எடுத்தால் அடியில் இரண்டு எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் இருக்கும். லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று மெல்லியது, எப்போதும் இறுக்கமாக இருக்கும். மற்றது தடித்தது, அதன் கொக்கி நீளமாக, லொடலொட என்று தளர்ந்து கிடக்கும். தளர்வு வேண்டுமென்றே வைத்தது. கீழ் வேகத்தில் மெல்லிய ஸ்பிரிங் மட்டும் தாங்கும். எடைகள் ஓரளவு விரிந்து அந்தத் தளர்வு தீர்ந்த பிறகுதான் தடித்த ஸ்பிரிங் பிடிக்கும், அங்கிருந்து அட்வான்ஸ் நிதானமாக ஏறும். உன் டிஸ்ட்ரிபியூட்டரில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல். என் ஊகத்தை இப்போது சொல்ல மாட்டேன்.

கேமின் அடித்தட்டில் ஓர் எண் அடித்திருக்கும், அதையும் பார். டிஸ்ட்ரிபியூட்டர் இஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவதால் அந்த எண்ணை இரண்டால் பெருக்கினால் எடைகள் கொடுக்கக்கூடிய அதிகபட்ச அட்வான்ஸ்.

மைனர் பேரன்:

ஐயா, இரண்டும் ஒரே மாதிரி மெல்லிய ஸ்பிரிங்! இரண்டும் புதுசு, பளபளவென்று இருக்கின்றன. தடித்தது இல்லவே இல்லை. பட்டறையில் கேட்டேன். ஒரு ஸ்பிரிங் நீண்டுபோய்த் தொங்கிக்கொண்டிருந்ததாம், கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டையும் ஜோடியாக மாற்றினார்களாம். அவர்களைப் பெரிதாகக் குறை சொல்லத் தோன்றவில்லை, பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பழைய ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டார்களாம், அதுதான் வருத்தம்.

கேம் தட்டில் 12 என்று அடித்திருக்கிறது. இரண்டு மடங்கு 24, அதோடு 3 சேர்த்தால் 27. கணக்கு அச்சாக வருகிறது!

செந்தூல்காரன்:

அடேங்கப்பா. ஸ்பிரிங் தொங்குவதே சரியான நிலை என்று இந்த வயதில்தான் எனக்கும் தெரிகிறது. சரி, தடித்த ஸ்பிரிங்குக்கு எங்கே போவது? கடையில் கேட்டால் ஒரு பாக்கெட்டில் நான்கைந்து வகை தருகிறார்கள், எது எதற்கு என்று எதுவும் எழுதியிருப்பதில்லை.

பழைய ஃபோர்மேன்:

அந்தப் பாக்கெட்டை நம்பாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் லூக்காஸ் எண் ஒன்று அடித்திருக்கும். எந்த இஞ்சினுக்கு எந்த அட்வான்ஸ் வளைவு என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். வெளியே பார்க்க மினியின் 25டி4-உம் மைனரின் 25டி4-உம் ஒன்றுபோல இருக்கும், உள்ளே ஸ்பிரிங்கும் கேமும் வேக்குவம் யூனிட்டும் வேறாக இருக்கலாம். அதே எண்ணுள்ள உடைந்த டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்று கிடைத்தால் அதிலிருந்து எடுப்பதுதான் உத்தமம். தம்பி, உன் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பு. என் மேசை இழுப்பறையில் செத்துப்போன டிஸ்ட்ரிபியூட்டர்கள் கொஞ்சம் கிடக்கின்றன.

மின்சார அக்கா:

பிரித்த கையோடு இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். பாயிண்ட் இருக்கும் தட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு சின்ன எர்த் வயர் போகும், துணி போலப் பின்னியது. வேக்குவம் இழுக்கும்போதெல்லாம் அது வளைந்து வளைந்து உள்ளுக்குள்ளேயே அறுந்துவிடும், வெளியே தெரியாது. அறுந்தால் வண்டி திடீரென்று இருமும். அடுத்தது, எடைகள் திரும்பும் குச்சியில் ஒரு சொட்டு இஞ்சின் எண்ணெய், கேமில் பட்டாணி அளவுக்கும் குறைவாக கிரீஸ். அதற்கு மேல் வேண்டாம், பாயிண்டில் தெறித்துவிடும்.

மைனர் பேரன்:

ஐயா கொடுத்த ஸ்பிரிங்கை மாட்டியாயிற்று, அதே எண்ணுள்ள டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து எடுத்தது. பாயிண்டை மறுபடி வைத்து, டுவெல் பார்த்து, டெஸ்ட் லேம்பில் 3 பாகைக்கு வைத்தேன். ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றுவதால் அட்வான்ஸ் கூட்ட உடம்பை வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும் என்பது முதலில் குழப்பியது. வேக்குவம் யூனிட்டின் முனையிலுள்ள சொரசொரப்பான நட்டைத் திருகி நுணுக்கமாகச் சரி செய்தேன்.

இப்போதைய அளவுகள், வேக்குவம் அடைத்து: 700-ல் 5 பாகை, அசையாமல் நிற்கிறது. 1,500-ல் 14. 2,000-ல் 18. 3,000-ல் 24, அதைத் தாண்டித்தான் 27-க்கு வருகிறது. ஐட்லிங் 700-ல் நிற்கிறது, காலை எடுத்தால் உடனே இறங்குகிறது. துன் சார்டோனில் மூன்றாவது கியரில் முழுசாக மிதித்து ஏறினேன், ரோன் 95-ல்தான். கடைசி வளைவில் மட்டும் மெல்லியதாக ஒரு கிணுகிணுப்பு, மற்றபடி சத்தமில்லை. மீட்டர் பாதிக்கு மேல் போகவில்லை.

120ஒய் ரசிகன்:

வாழ்த்துகள். அந்தக் கிணுகிணுப்பும் வேண்டாமென்றால் ஒரு பாகை பின்னுக்கு வைக்கலாமே?

பழைய ஃபோர்மேன்:

வைக்க வேண்டாம், முதலில் பிளக்கைக் கழற்றிப் பார். நுனி வெள்ளையாக இருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, அதுவும் பாரத்தில் நாக்கிங் தரும். அப்படியென்றால் கார்புரேட்டரின் ஜெட் நட்டைக் கொஞ்சம் கீழே இறக்கு. தவிட்டு நிறமாக இருந்தால் அந்த வளைவில் இரண்டாவது கியருக்கு இறங்கு, அந்த இஞ்சின் 48 குதிரைசக்திதான்.

மைனர் பேரன்:

பிளக் தவிட்டு நிறம்தான் ஐயா. கியரை மாற்றிக்கொள்கிறேன். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி: சட்டென்று மிதித்தால் அரை நொடி தயங்கிவிட்டுத்தான் பிடிக்கிறது. இதுவும் டைமிங்கா?

மின்சார அக்கா:

இல்லை. கார்புரேட்டர் மேலே இருக்கிற டேம்பர் மூடியைத் திருகி எடுத்து உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். வறண்டிருக்கும்.

மைனர் பேரன்:

எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது அக்கா. ஊற்றினேன், தயக்கம் போய்விட்டது. அந்தப் பட்டறைக்கும் ஐயா கொடுத்த தடித்த ஸ்பிரிங்கின் படத்தை அனுப்பியிருக்கிறேன், அடுத்த மைனர் வரும்போது தொங்குவதைத் தூக்கிப் போடாமல் இருக்கட்டும்.